கம்பு இலைக்குள் எவ்வளவு?

"இதுல எது நிஜம் மேடம்?" என்று கேட்டார் அமலோற்பவம்.

கேட்டவருக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவர். மகள்களைக் கட்டிக்கொடுத்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர். பதில் சொல்ல வேண்டியவர் அவருடைய வழிகாட்டி ரஹ்மத்நிஷா, பதினைந்து வயது இளையவர். ஒருவர் மேடம் என்பார், மற்றவர் அக்கா என்பார். பல்கலைக்கழகத்துக்கு அது பழகிவிட்டது.

கம்பு இலைக்குள் ஒரு நொதி இருக்கிறது. ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக நறுக்குவதுதான் அதற்கு வேலை. ஓர் இலையில் அது எவ்வளவு இருக்கிறது என்று அமலோற்பவம் நாளைக்கு ஆய்வுக்குழுவிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆராய்ச்சிப் பதிவு ரத்து. இந்த வயதில் இன்னொரு தடவை யார் சேர்த்துக்கொள்வார்கள்?

"ஒரே விதை, ஒரே மண்ணு. ஒரு தடவை துளியூண்டு காட்டுது. இன்னொரு தடவை எங்கேயோ போய் நிக்குது. தண்ணிய மாத்திட்டேன். மெஷினத் திட்டிட்டேன். அந்தோணியாருக்கு நேர்ந்தும் பாத்துட்டேன்."

"நெறைய காட்டின அன்னைக்கு இலைய எப்ப வெட்டுனீங்க?"

"காலைல. வகுப்பெல்லாம் முடிச்சிட்டு மத்தியானம் வந்து அரைச்சு அளந்தேன்."

"கொறைச்சலா காட்டின அன்னைக்கு?"

"அது லீவு நாளு. வெட்டின கையோட அரைச்சுட்டேன்."

ரஹ்மத்நிஷா எழுந்து வந்தார். அமலோற்பவத்தின் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினார்.

"ஐயோ, மாதாவே!"

அலறல் வராந்தா வரைக்கும் கேட்டது. ரஹ்மத்நிஷா அலட்டிக்கொள்ளாமல் பலகையில் எழுதினார்: 'அமலோற்பவம் அக்கா பேசும் விதம்: ஐயோ, மாதாவே.'

"இது என்ன அநியாயம்? நான் எப்பவுமா இப்படிப் பேசுறேன்? நீங்க கிள்ளினீங்க, கத்தினேன்!"

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். கையைத் தேய்த்தபடி ஜன்னலோரத்துக் கம்பு நாற்றுகளைப் பார்த்தார்.

"அப்ப... வெட்டினதுக்கப்புறந்தான் இலை அந்த நொதியச் செஞ்சிருக்கு. மத்தியானம் வரைக்கும் செஞ்சுக்கிட்டே இருந்திருக்கு."

ரஹ்மத்நிஷா சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார்.

"லீவு நாள் எண்ணுதான் நிஜம். அப்படித்தானே மேடம்?"

"அன்னைக்கும் வெட்டத்தானக்கா செஞ்சீங்க?"

தெளிந்த கொஞ்சமும் மறுபடி கலங்கிப்போனது.

"நாளைக்கு அவங்க முன்னாடி நான் என்னத்தச் சொல்ல?"

"ரெண்டு எண்ணையும் சொல்லுங்க. எப்ப வெட்டுனீங்க, எப்ப அரைச்சீங்கன்னும் சேத்துச் சொல்லுங்க."

"வெட்டாத இலையில எவ்வளவுன்னு கேட்டா?"

ரஹ்மத்நிஷா பலகையில் எழுதியதை அழித்தார்.

"மேடம், கிள்ளாம எப்படிக் கேக்குறது?"

"அது தெரிஞ்சிருந்தா, கிள்ளாமலே உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டேனா அக்கா?"