பன்னிரண்டாவது ஜோடித் தகடு

“இந்த வெளிச்சத்துக்கு ஒட்டத் தெரியலைம்மா. ஓட்டை போடத்தான் தெரியுது” என்றார் சடையப்பன்.

கோவைப் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் வெல்டிங் குச்சி பிடித்த கை அவருடையது. புதிதாக இறங்கிய லேசர் வெல்டிங் மெஷினைக் கற்றுக்கொடுக்க வந்த ரெஜினாவுக்கு வயதே இருபத்தாறுதான். முதல் நாள் அவளை ‘டீச்சரம்மா’ என்று கிண்டலாகக் கூப்பிட்டார். நாலே நாளில் கிண்டல் போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத எஃகுத் தகடுகள். பதினோரு ஜோடி பாழ்.

சாயங்காலத்துக்குள் ஒன்றாவது உருப்படியாக வராவிட்டால், நாளை முதல் அவருக்கு கிரைண்டிங் கொட்டகை. அந்தத் தூசியில் நின்றால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது.

ஓட்டை எப்படி விழுகிறது என்று ரெஜினா கேட்டாள்.

தான் அவசரப்படுவதே இல்லை என்றார் அவர். இரும்பு உருகிக் குளம் கட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையை நகர்த்துவாராம். இப்போது பயத்தில் இன்னும் மெதுவாகப் போகிறாராம்.



அன்று வெள்ளிக்கிழமை. மெஷினுக்குப் பூஜை முடிந்து, கற்பூரத் தட்டு ஆள் ஆளாக வந்தது. சடையப்பன் இரண்டு கைகளையும் சுடர்மேல் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

“சுட்டுச்சாங்கண்ணா?”

“அதெப்படிம்மா சுடும்?”

ரெஜினா தட்டை வாங்கி மறுபடி அவர் முன்னால் நீட்டினாள்.

“இப்ப, சூடு தெரியற வரைக்கும் வச்சிருந்து, அப்புறமா எடுங்க.”

கை பாதி தூரம் போனது. அங்கேயே நின்றது.

தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய்க் கண்ணாடியை மாட்டினார். இரண்டு தகடுகளையும் முடி நுழையாதபடி சேர்த்து இறுக்கினார்.

சுடரை ஒற்றிய அதே வேகத்தில் கையை ஓட்டினார். விர்ரென்று ஒரு சத்தம். ஒரு மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது.

தகட்டை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பொட்டு வெளிச்சம்கூட ஊடுருவி வரவில்லை. நூல் கனத்தில் ஒரு கோடு மட்டும் ஓடியது. திருப்பினார். பின்பக்கமும் அதே கோடு.

நகத்தால் தடவிப் பார்த்தார். சந்நிதியில் நிற்பவர்போலக் குரல் தாழ்ந்துவிட்டது.

“எப்பம்மா உருகுச்சு? நான் பார்க்கலையே.”

“நானும் ஒருநாள்கூடப் பார்த்ததில்லைங்கண்ணா” என்றாள் ரெஜினா.