துறைப்பழம் யார் வயிற்றுக்குப் போனது?

மூங்கிலாற்றுக் காட்டின் நடுவே வற்றாத மடு ஒன்று இருந்தது. கோடை பிறந்துவிட்டால் போதும், சுற்றுவட்டத்துப் பொட்டல்களில் இருக்கிற மான்களும் முயல்களும் தண்ணீருக்கு அங்கேதான் வரும். வரட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஆற்றுத் துறையில் ஒரு வாய்ப் பழம் வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். அதற்குத் துறைப்பழம் என்று பெயர்.

அந்தப் பழத்தைச் சும்மா வாங்கவில்லை. காட்டின் மேற்கு எல்லை முழுக்கக் காய்ந்த புல்வெளி. கோடை நெருப்பு எப்போதும் அந்தப் பக்கமாகத்தான் வரும். அதனால் வெயில் ஏறத் தொடங்கியதும் பன்றிக் கூட்டம் போய், எல்லை நெடுகப் புல்லைக் கிளறிப் புரட்டி, வெறும் மண்ணாக ஒரு பட்டை எடுக்கும். நெருப்பு அந்த மண்வரை வந்து, தின்ன ஒன்றும் இல்லாமல் அணைந்துபோகும். அந்தப் புல்லுக்கு அடியில் கிழங்கு எதுவும் கிடையாது. கிளறுகிற நாளெல்லாம் பன்றிகள் பட்டினி கிடக்க முடியுமா? துறைப்பழம்தான் அவற்றின் கூலி.

இந்த வருஷம் வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் மேற்கே புல் அப்படியே நின்றது.

அதைப் பார்த்துப் பார்த்து மருதி தவித்துக்கொண்டிருந்தாள். மருதி ஒரு கேளையாடு. பேர்தான் ஆடு, உண்மையில் நாயைப்போலக் குரைக்கிற சின்ன மான். மேற்கு எல்லையை ஒட்டிய புதரில் அவள் குட்டி போட்டிருந்தாள். குட்டி எழுந்து நிற்கும், நாலடி வைக்கும், பொத்தென்று விழும். ஓடுவதற்கு இன்னும் நாளாகும். நெருப்பு வந்தால் மருதி ஓடிப் பிழைத்துக்கொள்ளலாம். குட்டியால் முடியாது.

பொறுத்துப் பார்த்துவிட்டு, அன்று காலை அவள் துறைக்குக் கிளம்பினாள்.

துறை கல்யாண வீடாக மாறியிருந்தது. கரையில் காட்டுக்கொடிகளைப் பின்னிப் பெரிய பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலின்கீழ் மயில்கள் ஆடின. பழக்குவியலுக்குப் பக்கத்தில் கரடி சடையன் சாய்ந்திருந்தான். காட்டுக்குத் தலைவன் அவன்தான். அவன் காதருகே எந்நேரமும் ஒட்டிக்கொண்டிருக்கும் குரங்கு நீளவாலன், வருகிற மான்களிடம், "ஆளுக்கு ரெண்டு வாய், இந்த வருஷம் ரெண்டு வாய்" என்று கூவிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, மேற்க இன்னும் பட்டை எடுக்கலையே" என்றாள் மருதி.

"எடுப்போம் தாயி. என்ன அவசரம்?" என்றான் சடையன்.

"புல்லு காஞ்சு சருகாக் கெடக்குதுண்ணே. பன்றிங்களுக்குப் பழம் போகலையாமே?"

நீளவாலன் முந்திக்கொண்டான். "துறையப் பாத்தியா மருதி? எப்படி இருக்கு? பந்தல் கட்டின எங்க ஆளுங்களுக்குப் பழம் குடுக்கணும். ஆடுற மயிலுக்குக் குடுக்கணும். இதப் பாக்கவே இன்னும் நாலு கூட்டம் கூடுதலா வரும். அப்ப பழமும் கூடுதலா வரும். அதுல பன்றிக்குக் குடுத்தாப் போச்சு."

"அதுக்குள்ள நெருப்பு வந்துட்டா?"

சடையன் சிரித்தான். "போன வருஷம் நெருப்பு உள்ள வந்துச்சா? அதுக்கு முந்தின வருஷம்? வராத நெருப்புக்கு எதுக்குப் பழத்தக் கொட்டணும்?"

மருதி ஓரடி முன்னால் வந்தாள். "பட்டை இருந்துச்சு, அதனாலதான் அண்ணே வரல."

"பச்சப்புள்ளக்காரி, பயந்து கெடக்கா" என்று நீளவாலன் சொல்ல, பந்தலில் இருந்த குரங்குகள் எல்லாம் பல்லைக் காட்டின.

அப்போது வரிசையில் இருந்து ஒரு வெளிமான் முன்னால் வந்தான். திருகுக்கொம்பன் என்று பேர். அத்திக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் அவனால் பேச முடிந்தது.

"ரெண்டு வாய் கேட்டீங்க. எனக்கு இருக்கறது ஒரு வாய்தான். அதனால நேத்து ஒரு நடை, இன்னிக்கு ஒரு நடை நடந்திருக்கேன். நேத்து வச்ச பழம் எங்க போச்சுன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"வெளியூர்க்காரனுக்கு உள்ளூர்க் கணக்கு எதுக்குப்பா? தண்ணி குடிச்சோமா, போனோமான்னு இருக்கணும்" என்றான் சடையன்.

"தண்ணி உங்களோடது. நான் இல்லைங்கல. ஆனா பழம் என்னோடதுங்களே."

மயில்கூட ஒரு கணம் ஆட்டத்தை நிறுத்தியது. பிறகு சடையன் கொட்டாவி விட்டான், பேச்சு அத்தோடு முடிந்துவிட்டது. திருகுக்கொம்பன் தண்ணீர் குடிக்காமல் கொத்தை மறுபடி வாயில் எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றான்.

மருதி குட்டியிடம் திரும்பினாள். பாதி வழியிலேயே மூக்கு சொல்லிவிட்டது. பாறைமேல் ஏறிப் பார்த்தாள். மேற்குக் குன்றுக்கு அந்தப் பக்கம் புகை எழும்பிக்கொண்டிருந்தது. காற்றும் அங்கிருந்துதான் அடித்தது.

குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட மானுக்கு ஏது கை? திரும்பி ஒரே ஓட்டமாகப் பன்றிகளிடம் ஓடினாள். அவை மடுவுக்குக் கீழே சேற்றைக் கிண்டிக் கோரைக்கிழங்கு தேடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் விலா எலும்பு தெரிந்தது.

"கோரையண்ணே, நெருப்பு வருது. பட்டை எடுக்கணும், இப்பவே வாங்க."

பன்றித் தலைவன் கோரையன் தலையை நிமிர்த்தினான். "சடையன்கிட்ட ஆள் மேல ஆள் அனுப்பினேன் தாயி. மயிலுக்குப் போக மிச்சம் இருந்தாத் தர்றேன்னாரு. நீயே பாரு எங்க கோலத்த. வெறும் வயித்தோட அந்த வெயில்ல எறங்கினா பாதியில சுருண்டு விழுந்துருவோம்."

"என் குட்டிக்கு ஓடத் தெரியாதுண்ணே."

கோரையன் தன் குட்டிகளைப் பார்த்தான். "ஆளுக்கு ஒரு வாய் கெடச்சா வர்றோம். சத்தியமா வர்றோம். ஆளுங்களக் கூட்டிக்கிட்டு மேற்கால போய் நிக்கிறேன், நீ பழத்துக்கு வழி பாரு."

மருதி மறுபடி துறைக்குப் பாய்ந்தாள். சடையன் பழக்குவியலில் தலைவைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். "எழுப்பு நீளவாலா, புகை வருது" என்று கெஞ்சினாள்.

"சாப்பிட்டுப் படுத்திருக்காரு. எழுப்பினா என்னத்தான் அடிப்பாரு. எந்திரிக்கட்டும், கேட்டுச் சொல்றேன்" என்றான் நீளவாலன். குவியலில் இருந்து ஒரு பழத்தைக்கூடத் தொடவிடவில்லை.

எதிர்க்கரையில் இருந்து புதிய கூட்டம் வாயில் பழத்தோடு ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. மருதி ஓடிப்போய்த் தண்ணீரில் குறுக்கே நின்றாள். தொண்டை கிழியக் குரைத்தாள். அந்தக் குரல் ஆபத்துக்கான குரல் என்று மான் பிறவி எல்லாவற்றுக்கும் தெரியும். கூட்டம் அப்படியே நின்றது.

"பழத்த இங்க வைக்காதீங்க. மேற்கால பன்றிங்க பசியோட நிக்குது. அதுங்க வாயில குடுத்தீங்கன்னா எல்லை தப்பும். இல்லாட்டி இந்தக் காடும் இருக்காது, நாளைக்கு நீங்க குடிக்க மடுவும் இருக்காது."

"துறையில வைக்காம தாண்டினவனுக்குத் தண்ணி கிடையாது!" என்று பந்தலில் இருந்து நீளவாலன் கத்தினான்.

தாகத்தில் நாக்கு வறண்டு நடந்து வந்தவர்கள் அவர்கள். யார் துணிவார்கள்? அவரவர் பக்கத்திலிருப்பவரைப் பார்த்தார்கள். அப்போது ஓரமாக நின்ற திருகுக்கொம்பன் அத்திக்கொத்தைக் கவ்வியபடி பந்தலைக் கடந்து மேற்கே நடந்தான். அவன் பின்னால் ஒரு முயல் போனது. "ஏய், எங்க போற?" என்று நீளவாலன் அதட்டினான். வாய் நிறையப் பழம் இருந்ததால் முயல் பதில் சொல்லவில்லை. அதன் பின்னால் கூட்டமே போனது.

மேற்கே வெக்கை முகத்தில் அடித்தது. பன்றிகள் ஆளுக்கொரு வாய் விழுங்கின, மூக்கை மண்ணில் புதைத்தன. புல் வேரோடு புரண்டது. பாறையில் தொடங்கி மருதியின் புதர்வரை, புதரில் இருந்து துறைப்பக்கம் என்று பட்டை நீண்டது. மான்களும் குளம்பால் சருகைத் தள்ளின. புகையில் எதிரே யார் என்றுகூடத் தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கோரையன் உறுமிக்கொண்டே இருந்தான். மருதி குட்டியின்மேல் குனிந்து நின்றாள். ஓடிவிடு என்று உடம்பு சொன்னது. அவள் அசையவில்லை.

சடசடவென்று நெருப்பு வந்தது. புதிதாகப் புரட்டிய மண்ணைத் தொட்டது. இங்கும் அங்கும் நாக்கை நீட்டிப் பார்த்தது. தின்ன ஒன்றும் இல்லை. புதருக்கு முன்னால் படுத்து அணைந்தது.

ஆனால் துறைப்பக்கம் பட்டை எடுத்து முடியவில்லை. நேரம் போதவில்லை. அந்த இடைவெளியில் நுழைந்த நெருப்பு நேராகக் கொடிப்பந்தலுக்குப் போனது. வெயிலில் காய்ந்த கொடி, கேட்க வேண்டுமா? மயில்கள் பறந்தன, குரங்குகள் மரத்துக்கு மரம் தாவின. சடையன் முதுகில் ரோமம் பொசுங்க அலறிக்கொண்டு ஆற்றில் விழுந்தான். பந்தலும் பழக்குவியலும் கரியாகிவிட்டன. சுற்றிலும் ஈர மணலும் எதிரே ஆறும் இருந்ததால் நெருப்பு அத்தோடு நின்றது.

மாலையில் சடையன் நொண்டிக்கொண்டே மேற்கு எல்லைக்கு வந்தான். நீளவாலன் கூட வரவில்லை. மண்பட்டைக்கு அந்தப் பக்கம் எல்லாம் கறுப்பு. இந்தப் பக்கம் மருதியின் குட்டி எழுந்து நிற்பதும் விழுவதுமாக இருந்தது.

"காலையில ஒண்ணு கேட்டேனே, என் பழம் எங்க போச்சுன்னு" என்றான் திருகுக்கொம்பன்.

சடையன் அந்த மண்ணைப் பார்த்தான், குட்டியைப் பார்த்தான். "இங்கதான் வந்திருக்கணும்" என்றான். பிறகு, "போய்த் தண்ணி குடிப்பா" என்றான்.

அடுத்த கோடையில் துறையில் பந்தல் இல்லை. துறைப்பழம் பழையபடி ஒரு வாய்தான். அதையும் துறையில் வாங்கவில்லை; கொண்டுவருகிறவரே மேற்கு எல்லைக்குப் போய், கிளறிய மண்ணைக் கண்ணால் பார்த்து, பன்றியின் முன்னால் வைத்துவிட்டு வர வேண்டும் என்று சடையனே சொல்லிவிட்டான். மருதியின் குட்டி முன்னால் துள்ளி ஓடி அவர்களுக்கு வழிகாட்டியது.

எந்தக் காவலுக்கென்று பிறரிடம் வாங்கினோமோ அந்தக் காவலுக்கே செலவழிக்காத கட்டணம், கொடுத்தவரையும் காப்பாற்றாது, வாங்கியவரையும் காப்பாற்றாது.