நல்லினி காத்த காடு

மருதங்காட்டு யானைகளின் அரசன் ஓடைச் சேற்றில் சிக்கி இறந்துபோனான். அவன் மகன் இளவேழன் அப்போது பால்குடி மறக்காத கன்று. அதனால் மகன் வளரும்வரை தானே காட்டை ஆள முன்வந்தாள் அரசி நல்லினி.

"பெண் யானை ஆள்வதா! விலகு!" என்று பிளிறிக்கொண்டு வந்தான் அரசனின் தம்பி கடுங்கோடன்.

"ஆளப்போவது என் மகன். அதுவரை நான் காவல்!" என்றாள் நல்லினி.

அவன் கன்றின்மேல் பாய்ந்தான். அவள் குறுக்கே நின்றாள். அவன் தந்தம் அவளுடைய ஒரு கண்ணைப் பறித்தது. ஆனால் அவள் முட்டிய முட்டில் அவன் காட்டைவிட்டே ஓடினான்.

ஒற்றைக் கண்ணோடு அவள் ஆண்டாள். கோடையில் குளம் வற்றியது. "முதலில் மானும் முயலும் குடிக்கட்டும், யானைகள் கடைசியில்!" என்று கட்டளையிட்டாள். யானைகள் முணுமுணுத்தன. அவளோ எல்லாருக்கும் பின்னால் வந்து, மிஞ்சிய கலங்கல் தண்ணீரைக் குடித்தாள்.

இளவேழனுக்குத் தந்தம் நீண்டது. அன்றே ஆட்சியை அவனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

அமைச்சன் நரி பாறைமேல் ஏறிப் புதிய அரசனின் காதில் ஓதியது. "அரசே, எல்லாரும் உங்களைத்தான் வணங்குகிறார்கள். வழக்கு என்றால் மட்டும் உங்கள் அம்மாவிடம் போகிறார்கள்! கவனித்தீர்களா?"

மறுநாளே இளவேழன், "அம்மா, நீ மலைக்கு அப்பால் போய்விடு!" என்றான்.

"நான் என்னப்பா தப்பு செய்தேன்?"

"தப்பு ஒன்றுமில்லை. நீ இங்கே இருக்கும்வரை யாரும் என்னை அரசனாக மதிக்கமாட்டார்கள்!"

அவள் சுற்றிலும் பார்த்தாள். மான்கள் குனிந்த தலை நிமிராமல் புல் மேய்ந்தன. முயல்கள் புதருக்குள் நுழைந்துகொண்டன. மகனின் நெற்றியைத் துதிக்கையால் தடவிவிட்டு அவள் நடந்தாள்.

சேதி எட்டியதும் கடுங்கோடன் தன் கூட்டாளிகளோடு திரும்பி வந்தான். முதலில் ஓடிப்போய் அவன் காலில் விழுந்தது நரிதான்! "ஐயா, உங்களுக்காகத்தானே அந்தக் கிழவியை விரட்டினேன்!" என்று குழைந்தது.

தோற்று ஓடிய இளவேழன் மலையைத் தாண்டி, "அம்மா! அம்மா!" என்று கதறினான்.

மரத்திலிருந்த கழுகு கீழே பார்த்தது. "யாரைக் கூப்பிடுகிறாய்? அவள் நேற்றே செத்துப்போனாள். இங்கே வந்த நாள்முதல் ஒரு வாய் தழைகூடத் தின்னவில்லை" என்றது.

தன்னைக் காத்தவரின் பெருமையைப் பொறுக்க முடியாதவனுக்கு, அவர் காத்துக் கொடுத்த எதுவும் நிலைக்காது.