பாலத்துக்கு முன்னால் நின்ற கழுதை

யூத வேதத்தைக் கரைத்துக் குடித்தவர் அசரியா. அவர் ஏறிவந்த கழுதையைக் கழுதைக்காரனான ஓகாத், ஒரு மரப்பாலத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டான்.

"பலகை உளுத்திருக்கிற மாதிரி தெரியுது ஐயா. சுற்றிப் போயிடலாம்."

அசரியாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏன், அந்த வழியில் கொள்ளைக்காரர்களை நிறுத்திவைத்திருக்கிறாயா?" என்று கைத்தடியால் அவன் தோளில் அடித்தார். "எழுத்துத் தெரியாத உன் பேச்சை நான் கேட்கவேண்டுமென்று வேதத்தில் எங்கே இருக்கிறது? காட்டு! இல்லையென்றால் பாலத்தில் ஏற்று!"

"வேதத்துல வர்ற பிலேயாம் தீர்க்கதரிசியோட கழுதை நகராம நின்னதுக்கு அவர் அதை அடிச்சாராமே. வழியை மறிச்சு வாளோட நின்ன தேவதூதனை முதல்ல பார்த்தது யாரு ஐயா? அவரா, கழுதையா?"

அசரியா கழுதையிலிருந்து இறங்கினார். அருகில் போய்ப் பாலத்தைத் தடியால் ஓங்கிக் குத்தினார். பலகை முறிந்து ஆற்றில் விழுந்தது.

வெளிறிய முகத்தோடு திரும்பி வந்தார். "எந்தப் பக்கம் போகலாம், ஓகாத்? நீங்களே சொல்லுங்கள்."