மெழுகு அடைத்த விசில்

"எனக்கு மட்டும் ஏன்க்கா ஊதாத விசில்?"

ஓவியா கேட்டாள். கேட்டாள் என்ன, கிட்டத்தட்ட அழுதாள்.

ஏற்காட்டுக் கோடை முகாமில் குழுத் தலைவர் பயிற்சிக்கு வந்த நான்கு பேருக்கும் ஜெனோவா அக்கா அன்று காலைதான் விசில் கொடுத்திருந்தாள். மற்ற மூன்றும் காது கிழிய அலறின. ஓவியாவுடையதில் வெறும் காற்று. உள்ளே உற்றுப் பார்த்தாள். மெழுகு ஊற்றி அடைத்திருந்தது.

"தெரிஞ்சேதான் குடுத்தேன்," என்றாள் அக்கா.

"ஏன்?"

"உன் பன்னிரண்டு பிள்ளைங்களும் பஸ்ஸை விட்டு இறங்கியாச்சு. போ."

அவ்வளவுதான். அந்த மகராசியிடம் இரண்டாவது கேள்வி கேட்டு யாரும் பதில் வாங்கினதாக வரலாறு இல்லை.

ஓவியாவுக்குப் பதினேழு வயது. பத்து வயதிலிருந்து இதே முகாமுக்கு வருகிறவள். அக்கா மாதிரி கழுத்தில் பித்தளை விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு பிள்ளைகளோடு மலையேற வேண்டும், வேறு ஆசை கிடையாது. அப்பாவோ நீட் கோச்சிங்குக்குப் பேர் கொடுத்துவிட்டார். "பயிற்சியில பாஸாயிட்டு வா, பேசலாம். இல்லேன்னா திங்கக்கிழமை கிளாஸ்."

இன்று வெள்ளி. ஞாயிறு வரைக்கும் பன்னிரண்டு பேரைச் சமாளித்துக் காட்ட வேண்டும். அதுவும் இந்த விசிலை வைத்துக்கொண்டு.

ஹேர்பின்னால் மெழுகைக் குத்தி எடுத்துவிடலாமா? கை பரபரத்தது. ஆனால் அக்கா எதற்கு அடைத்தாள் என்கிற குறுகுறுப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. பின்னைத் தலையிலேயே செருகிக்கொண்டாள்.

முதல் நாள் கத்தினாள்.

"வாங்க! வாங்கன்னா வாங்க! வரிசையா நில்லுங்க!"

சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிப்போச்சு. பிள்ளைகள் அவை பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தன.

இரண்டாம் நாள் கத்தவும் முடியவில்லை. கூப்பிட வேண்டுமென்றால் ஒவ்வொருத்தரிடமும் நடந்து போக வேண்டும். போனாள். வேறென்ன செய்வது?

சஃபானா எப்போது பார்த்தாலும் குழாயடியில், நாய்க்குட்டியோடு. முகில் பலா மரத்தடியில், எறும்புகளோடு. தோளைத் தொட்டுக் கூப்பிட்டால், "அக்கா, இதப் பாருங்களேன், இது செத்த பூச்சியத் தூக்கிட்டுப் போகுது!" என்று இவளையும் உட்கார வைத்துவிடுவான்.

சாப்பாட்டுக்கு இவள் குழுதான் கடைசி. மற்ற மூவரும் சிரித்தார்கள். ஓவியாவுக்கு மானமே போயிற்று.

ஞாயிறு பகல், முகாமைச் சுற்றியிருந்த காப்பித் தோட்டத்தில் எல்லாக் குழுக்களும் கண்ணாமூச்சி ஆடின. சொல்லாமல் கொள்ளாமல் மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

மூன்று பக்கமும் விசில் அலறியது. எது யாருடைய விசில்? பிள்ளைகள் ஒன்றை நோக்கி ஓடி, பாதியில் இன்னொன்றைக் கேட்டுத் திரும்பி, ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டு அழுதன.

ஓவியாவிடம் ஊதுகிற விசில் இல்லை. கூப்பிடவும் குரல் இல்லை.

நடந்தாள்.

பலா மரம். முகில் இருந்தான். குழாயடி. சஃபானா இருந்தாள், நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு. பயந்தால் மூக்கை உறிஞ்சுகிற ரோஷ்னி பம்ப்செட் பின்னால் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். ஒருவர் கையை இன்னொருவர் கையில் பிடித்துக் கொடுத்துக்கொண்டே போனாள். கடைசியில் பார்த்தால் பன்னிரண்டு பேர், கூடவே வேறு குழுப் பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு நாய்க்குட்டி.

அக்கா முகாம் மண்டபத்து வாசலில் நின்று தலைகளை எண்ணினாள். மற்ற குழுக்கள் வந்துசேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆனது.

"நான் பாஸாக்கா?"

"உங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஓவியாவுக்குத் தலைகால் புரியவில்லை. கரகரத்த குரலிலேயே, "அப்ப இனிமேலாவது ஒரு நல்ல விசில் குடுங்கக்கா," என்றாள்.

அக்கா சிரித்தாள். தன் கழுத்திலிருந்த பித்தளை விசிலைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினாள். ஏழு வருடமாக ஓவியா கண் வைத்திருந்த அதே விசில்.

"ஊதிப் பாரு."

ஓவியா மூச்சை நன்றாக இழுத்து, கன்னம் உப்ப ஊதினாள்.

வெறும் காற்றுதான் வந்தது.