தொட்டியில் வெளுத்த முட்டைகள்

இது நான் கண்டதல்ல. விடுதியில் பக்கத்து அறைத் தோழி சொன்னது. இது நடந்த மலை மடத்தின் பெயர் அவளுக்கும் தெரியாது. தெரியாததை நான் சேர்க்கவில்லை.

"என்னை மட்டும் ஏன் சும்மா உட்கார வைத்திருக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டார் சாத்தையா.

இராமநாதபுரத்துக்காரர். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு மலைமேல் சீடராக வந்தவர். குரு அவரைவிட இளைய பெண்மணி.

"இங்கே முதல் மழைக்காலம் யாரும் எதையும் தொடக்கூடாது. பார்த்தால் போதும்."

"துடைப்பத்தைக்கூடவா?"

"துடைப்பத்தைக்கூட."

அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை.

மடத்தின் பின்சரிவில், சருகுக்கு அடியில், தவளை முட்டைகள் கிடந்தன. பக்கத்தில் சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. பதறிப்போனார். சரிவு முழுக்கத் தேடி எடுத்து மடத்துத் தண்ணீர்த் தொட்டியில் விட்டார்.

இரண்டே நாளில் அத்தனையும் வெளுத்துப் போயின.

சமையல் பார்க்கும் சீடர் எட்டிப் பார்த்தார். "என்ன கண்மாய்க்காரரே, ஜவ்வரிசி ஊறப்போட்டீரா?"

சாத்தையாவால் சிரிக்க முடியவில்லை. குருவிடம் போய் நின்றார்.

"கொன்றுவிட்டேன், அம்மா. காய்ந்துவிடுமே என்றுதான்..."

"உங்கள் ஊரில் தவளை எங்கே முட்டையிடும்?"

"கண்மாயில். அது நிறைந்தால்தான் தவளைச் சத்தமே கேட்கும்."

"இங்கே கண்மாய் எங்கே இருக்கிறது?"

அவர் சரிவைப் பார்த்தார். பெய்த மழையெல்லாம் நிற்காமல் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

"இல்லை."

"அப்படியானால் இத்தனை காலம் இங்கே கத்தியது யார்?"



குரு அவரைப் பின்சரிவுக்கு அழைத்துப் போனார். வெகுநேரம் தேடி, சாத்தையாவின் கண்ணுக்குத் தப்பிய ஒரு சருகை மெல்லத் தூக்கினார். கண்ணாடி போன்ற முட்டை. உள்ளே, கால்களை மடக்கியபடி ஒரு முழுத் தவளை, அரிசி அளவில்.

சாத்தையா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எதிர் மலைக்குப் போய்க் கொஞ்சம் எடுத்து வரட்டுமா, அம்மா? இங்கே விட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு நீங்கள் போகச் சொன்னால் போய்விடுகிறேன்."

"உட்காருங்கள்."

இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

பின்சரிவில் பக்கத்திலேயே ஒரு தவளை, கல்லோடு கல் தட்டுவதுபோல், டிக், டிக் என்றது. இதுவரை அந்தச் சத்தம் மட்டும் தனியாக அவர் காதில் விழுந்ததில்லை.

பள்ளத்தாக்குக்கு அப்பால், எதிர் மலை முழுவதும் தவளைகள் கத்தின. நீளமாக, சுவர்க்கோழி இழுப்பதுபோல்.

ஒரு 'டிக்' கூட அதில் இல்லை.

"எதை எடுத்து வருவீர்கள்?" என்றார் குரு.

பின்னர் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. ஈரச் சருகில் இட்ட முட்டையிலிருந்து தவளையாகவே வெளிவருகின்றன; அந்த முட்டை தண்ணீரில் மூழ்கினால் பிழைக்காது. அவற்றில் சில இனங்கள் ஒரே ஒரு மலைத்திரளில் மட்டுமே உள்ளன. உலகில் வேறெங்கும் இல்லை.