தம்பூராவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

பல வருடங்களுக்கு முன், கதவடைத்த ஒரு சின்ன அறையில் நான்கு தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்தன. நான்காவது அடங்குவதற்குள் முதல் தந்தி மறுபடி எழுந்தது.

அந்தத் தம்பூராவை ரகோத்தமன் பதிவு செய்தார். அது முடிவில்லாமல் ஒலிக்கும்படி, போனில் சுருதி கொடுக்கும் ஒரு ஆப்பை உருவாக்கினார். பாடுகிறவர்கள் எந்தெந்த நாட்டிலிருந்தோ மாதச் சந்தா கட்டி, அதைப் போட்டுக்கொண்டு பாடினார்கள்.

வசதி வந்தது. மனம் மட்டும் அடங்கவில்லை. மலையடி ஆசிரமத்துக்கு வந்தார்.

அங்கே குரு நீலாம்பிகை. ரகோத்தமனைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அம்மா என்றுதான் கூப்பிட்டார்.

"கண்ணை மூடினா மனசு நிக்க மாட்டேங்குது அம்மா. சுருதி போட்டுக்கிட்டு உட்கார்ந்தும் நிக்கல."

நீலாம்பிகை தரையில் இருந்த போனைப் பார்த்தார். அதில் தம்பூரா ஒலித்துக்கொண்டிருந்தது.

"யார் வாசிக்கிறது?"

"யாரும் இல்லம்மா. போன்தான்."

அவர் எழுந்து போய், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து போன் பக்கத்தில் வைத்தார்.

மறுநாளும் வைத்தார். அதற்கடுத்த நாளும்.

ரகோத்தமனுக்குச் சிரிப்பு வந்தது.

"போனுக்குத் தாகம் எடுக்குமா அம்மா? தண்ணி பட்டா ரிப்பேருக்குத்தான் போகும்."

"காலையிலேர்ந்து கை ஓயவே இல்லை. ஒரு வாய் குடிக்கட்டுமேன்னுதான்."

சிரிப்பு பாதியில் நின்றது.

தம்பூராவைப் பதிவு செய்த அன்று, இரைச்சல் விழும் என்று ஏ.சி.யை அணைத்திருந்தார்கள். ஒரே புழுக்கம். தம்பூராவைத் தோளில் சாய்த்து உட்கார்ந்திருந்த சௌந்தரவல்லி நடுவில், "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா சார்?" என்று கேட்டாள்.

"இது முடியட்டும்மா."

அவள் குரல் பதிவில் விழுந்துவிட்டது. அதை மட்டும் வெட்டி எறிந்து, இரண்டு முனையையும் ஒட்டு தெரியாமல் சேர்த்தார். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாரா என்பது நினைவில் இல்லை.

"ஒரு அம்மா வாசிச்சாங்க," என்றார் தலை நிமிராமல். "கச்சேரிகளுக்குத் தம்பூரா போடுறவங்க."

"என்ன குடுத்தீங்க?"

"அன்னிக்குக் கூலி. கேட்டதைக் கொடுத்துட்டேன். கவர்ல வெச்சுத்தான் கொடுத்தேன்."

"எப்ப நிறுத்தச் சொன்னீங்க?"

ரகோத்தமன் போனில் சுருதியை நிறுத்தினார். டம்ளரைக் கையில் எடுத்தார். குடிக்கவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை.

டம்ளரோடு வாசலுக்கு வந்து, அன்று அவளை அழைத்துவந்த வயலின்காரர் திருவேங்கடத்தைப் போனில் பிடித்தார்.

"வல்லியா? அவளை யார் சார் இப்ப மேடைக்குக் கூப்பிடுறாங்க? அவ உட்கார்ற இடத்துலதான் உங்க ஆப்பை வெச்சுக்கிறாங்களே. 'என் பொழப்புல நானே மண்ணைப் போட்டுக்கிட்டேன்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

"இப்ப எங்க இருக்காங்க?"

சௌந்தரவல்லி திருப்பூரில், ஒரு பனியன் கம்பெனியில் தைத்த துணிகளின் நூல் பிசிறு வெட்டுகிறாள்.